அப்பா கையெழுத்துப் போட்ட பங்கோர்

பங்கோர் தீவைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையில் ஒரு வரிகூட உண்மை கிடையாது. அதற்கு இருபதுக்குப் பதினெட்டு கிடைத்தது.

அப்போது நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. பள்ளி விடுமுறை முடிந்து திரும்பியதும் டீச்சர் கரும்பலகையில் ‘விடுமுறையில் நான் கண்டு களித்த இடம்’ என்று எழுதினார். பக்கத்து நாற்காலிக்காரி கேமரன் மலைக்குப் போய் வந்திருந்தாள். முன்னால் இருந்தவன் பினாங்குக்கு. நான் அந்த விடுமுறை முழுக்க வீட்டில்தான் இருந்தேன். எங்கள் வீட்டில் பயணம் என்றால் வருடத்துக்கு ஒருமுறை தைப்பூசத்துக்குப் பத்துமலை, அவ்வளவுதான். சாமி இல்லாத ஊருக்கு எதற்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் கேள்வி.

ஆனால் எங்கள் அடுப்படிச் சுவரில் மளிகைக்கடை நாட்காட்டி ஒன்று தொங்கியது. அதில் ஜூன் மாதப் படம் பங்கோர். வெள்ளை மணல், ஒரு ஃபெரி, கிளையில் பெரிய மஞ்சள் அலகோடு ஓர் இருவாச்சி. அந்த ஒரு படத்தை வைத்து மூன்று பக்கம் எழுதினேன். ‘நீலக்கடல் அலைக்கரம் நீட்டி எங்களை வரவேற்றது’ என்று ஆரம்பித்தேன். வழியில் மலைகள் அணிவகுத்து நின்றன. அம்மா மஞ்சள் சேலையில் நண்டு சாப்பிட்டுச் சிரித்தார். இருவாச்சி என் கையிலிருந்து வாழைப்பழத்தைக் கொத்திச் சென்றது. என் தந்தை தூரத்துப் பாறைவரை நீந்திச் சென்று, அங்கிருந்து எங்களை நோக்கிக் கையசைத்தார்.

அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். துறைமுக வாசலில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் அட்டைப்பெட்டியில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்துப் பார்த்துத் தன் பெயரை மட்டும் எழுதப் பழகியிருந்தார். அவர் போட்டால் அது கையெழுத்து போலவே இருக்காது, கோலம் போல இருக்கும். ஒரு புள்ளி தவறாது. சாமான் ஏற்றியதும் காகிதத்தில் அந்தக் கோலத்தைப் போட்டுவிட்டால் அது போய் இறங்கும்வரை அவர் பொறுப்பு. இதை அவர் அடிக்கடி சொல்லுவார்.

மதிப்பெண் வந்த கட்டுரையின் கீழே பெற்றோர் கையொப்பம் வேண்டியிருந்தது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், சாவி ஒரு கையில் இருக்க, என்ன ஏது என்று கேட்காமல் போட்டுக் கொடுத்தார். நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தேர்ச்சி அறிக்கை வாங்க அப்பா பூட்ஸ் காலோடு வகுப்புக்கு வந்தார். டீச்சர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“சார், உங்க மக எழுதின கட்டுரைய நான் மூணு வகுப்புல படிச்சுக் காட்டிட்டேன். பங்கோர்ல அவ்ளோ தூரம் நீந்தினீங்களாமே!”

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் அவர் பூட்ஸைப் பார்த்தேன்.

“ஆமா டீச்சர்,” என்றார் அப்பா. “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டேன்.”

மோட்டார் சைக்கிளில் அப்பா என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார். இரவுச் சாப்பாட்டின்போது, “அந்தக் கட்டுரைய எடுத்துட்டு வா பாப்பா, சத்தமா படி” என்றார். படித்தேன். நண்டு வந்த இடத்தில் அம்மா சோற்றுக் கையோடு சிரித்தே விட்டாள். ஐந்து வயதுத் தங்கை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“இதுல நான் எங்க?”

மூன்று பக்கத்தில் அவள் இல்லை. வெள்ளை மணலில் அவளுக்கு நான் இடம் வைக்கவில்லை.

“நீங்க எல்லாரும் பங்கோர் போனப்ப என்னை யார் பாத்துக்கிட்டா?” என்று அழ ஆரம்பித்தாள். போகவே இல்லை என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அப்பா கை கழுவிவிட்டு வந்து, “அடுத்த மாசம் ரெண்டு நாள் லீவு எடுக்கிறேன்” என்றார். பிரம்பு வரும் என்று காத்திருந்த எனக்கு இது அதைவிடப் பெரிய தண்டனையாகத் தோன்றியது.

நண்பர் ஒருவரின் பழைய கார் வந்தது. அம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பின்பெட்டியில் சோற்றுக் குக்கர், அரிசி, மிளகாய்ச் சம்பால் போத்தல், பாய், கூடவே ஒரு தேங்காயும் கற்பூரமும். “எதுக்கும் இருக்கட்டும்லா, அங்க சாமி இருந்தா?” என்றாள். கட்டுரையில் சொன்னபடி மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். அதற்காகவே ஒரு சேலையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள் என்பது எனக்கு வழியில்தான் தெரிந்தது.

நான் முன் இருக்கையில், மடியில் கட்டுரைப் புத்தகத்தோடு. அப்பா காதில் பென்சில் சொருகியிருந்தார். காப்பார் தாண்டிக் கரையோரச் சாலையில் போனோம். காரை அவர் லோரி போலவே ஓட்டினார். இடது ஓரத்தை விடவில்லை, வளைவுகளில் அகலமாகச் சுற்றித் திரும்பினார். எடை போடும் நிலையத்தின் பலகையைக் கண்டதும் சிக்னல் போட்டு உள்ளேயே திருப்பிவிட்டார்.

“ஏங்க, நம்மள எடை போடப் போறாங்களா?” என்று அம்மா கத்தினாள்.

“பழக்கம்லா” என்று அப்பா அசடு வழிந்தார். காவலுக்கு இருந்தவர் காரைப் பார்த்து, பின்பெட்டியில் இடமில்லாமல் அம்மா மடியில் வைத்திருந்த வாளியைப் பார்த்து, சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

சிகிஞ்சானில் சாலையின் இரு பக்கமும் வயல் விரிந்தது. பச்சை அப்படியே வானத்தில் போய் முட்டி நின்றது. நாங்கள் தின்னும் சோறு இப்படி ஒரு இடத்தில் முளைக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. தங்கை அழுகையை மறந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள். அப்பாவோ கவலையில் இருந்தார்.

“வயல் நீ எழுதலையே. மலைன்னுதானே எழுதின? மலை எங்க?”

“வரும்பா” என்றேன். வருமா என்று எனக்குத் தெரியாது.

சபாக் பெர்ணம் போனது, செம்பனைத் தோட்டங்கள் போயின, மலையைக் காணோம். ஒவ்வொரு ஊரிலும் அப்பா வேகத்தைக் குறைத்து வலமும் இடமும் பார்த்தார். ஃபெரி ஏறும் லுமுட்டை நெருங்கும்போதுதான் தூரத்தில் நீலமாக ஒரு மேடு எழும்பியது. “ஆங்!” என்று காரை ஓரம் கட்டினார். “எந்த வரி?” என்று கேட்டார். நான் விரலை வைத்துக் காட்டினேன். காதிலிருந்த பென்சிலை எடுத்து, துறைமுகத்தில் பெட்டிகளைச் சரிபார்ப்பவர்கள் போடுவதுபோல, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார்.

ஃபெரிக்கு ஒரு கோடு. வெள்ளை மணலுக்கு ஒரு கோடு. நண்டுக்கும் போட்டார். அம்மா நண்டைச் சாப்பிட்டாள், ஆனால் ஓடு உடைக்கத் தெரியாமல் பட்ட பாட்டில் சிரிக்கவில்லை. “சிரி, சிரி, எழுதியிருக்கு” என்று அப்பா சொன்னதற்குத்தான் சிரித்தாள். தேங்காயும் வீண்போகவில்லை. தீவில் கடலைப் பார்த்தபடி ஒரு காளி கோயில் இருந்தது. அங்கே உடைத்த பிறகுதான் அம்மாவுக்கு வந்த காரியம் முடிந்த நிம்மதி வந்தது.

மிஞ்சியது பாறை.

மதிய வெயில் தணிந்த நேரம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கறுப்பாக ஒரு பாறை தெரிந்தது. அப்பா செருப்பைக் கழற்றி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். கடிகாரத்தை அம்மாவிடம் கொடுத்தார். சட்டை, கால்சட்டையோடு தண்ணீரை நோக்கி நடந்தார். பிழைப்பு முழுக்கக் கடல் பக்கத்தில்தான் என்றாலும் அவர் அதில் காலை நனைத்து நான் பார்த்ததில்லை. அவருக்குக் கடல் என்பது பெட்டிகள் வருகிற வழி. நீச்சல் தெரியாது.

முழங்கால் அளவுக்குப் போனதும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

“வேணாம்பா! அது பொய்ப்பா! நானா கற்பன பண்ணி எழுதினது!”

மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா நின்றார்.

“தெரியும். நான் நீந்தினேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன்பா?”

“சைன் போட்டுட்டேன் பாப்பா. சைன் போட்ட சாமான் இறங்கணும்லா.”

படகு வாடகைக்கு விடும் மலாய்க்காரர் ஒருவர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “பாங், பாக்காய் இனி டூலு!” அண்ணே, முதலில் இதைப் போடு என்று அதட்டி, குழந்தைக்கு மாட்டுவதுபோல அப்பாவுக்கு மாட்டிவிட்டார். “தெரிமா காசே, பாஸ்” என்று பணிவாக நன்றி சொன்னார் அப்பா.

அதன்பின் அவர் நீந்தினாரா, நடந்தாரா, மிதந்தாரா என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. நீர் வற்றியிருந்ததால் பாதித் தூரம் மார்பளவுதான் என்பது அம்மாவின் கட்சி. ஓரிடத்தில் கால் வழுக்கி ஆரஞ்சு நிறமே காணாமல் போனதை நான் பார்த்தேன். அம்மா “முருகா!” என்று அலறிக்கொண்டு மஞ்சள் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். மறுகணம் இரண்டு கையால் கடலை அடித்தபடி அவர் எழும்பினார். இருமினார். மறுபடி போனார். பாறையைத் தொட்டார். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே மேலே ஏறி, நின்று, எங்களை நோக்கிக் கையசைத்தார். கரையில் இருந்த முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். என் அப்பா என்று நான் உரக்கச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன்.

சாயங்காலம் இருவாச்சிகள் வந்தன. நாட்காட்டியில் அது காக்கை அளவுதான் இருந்தது. நேரில் வந்தது கோழியைவிடப் பெரிது, அலகு என் முழங்கை நீளம். வாழைப்பழத்தை நீட்டிய கையை இரண்டு முறை இழுத்துக்கொண்டேன். ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார்:

“என்னோடத நான் முடிச்சிட்டேன். இது உன்னோடது.”

கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். முகத்தில் காற்று அடித்தது. கண்ணைத் திறந்தபோது கையில் தோல் மட்டும் இருந்தது.

எல்லா வரிக்கும் கோடு விழுந்த பிறகு கடற்கரையில் படம் பிடிப்பவர் எங்களைக் கூப்பிட்டார். தங்கை வரமாட்டேன் என்றாள். “நான்தான் கட்டுரையில இல்லையே.” அப்பா பென்சிலை என்னிடம் கொடுத்தார். ‘நான், என் தந்தை, என் தாய்’ என்ற வரியில் இடுக்கு தேடி அவள் பெயரை எழுதினேன். தன் பெயரை மட்டும் படிக்கத் தெரிந்த அவள் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் வந்து நின்றாள்.

அடுத்த பள்ளித் தவணையில் ‘மறக்க முடியாத பயணம்’ என்று டீச்சர் தலைப்புக் கொடுத்தபோது நடந்ததை நடந்தபடி எழுதினேன். சோற்றுக் குக்கர், எடை நிலையம், ஆரஞ்சு மிதவை எல்லாம். இருபதுக்குப் பதினொன்று. கீழே சிவப்பு மையில், ‘கற்பனை மிகுதி’. வீட்டில் அதைப் படித்துச் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “பரவால்ல, இது ஏற்கெனவே இறக்கின சாமான்” என்று கையெழுத்துப் போட்டார்.

ஆனால் அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படித்துக் காட்டாமல் அவரிடம் கையெழுத்து வாங்க முடிந்ததில்லை. இடைநிலைப்பள்ளியின் அறிவியல் பிரிவுக்கு ஒப்புதல் கடிதம், விடுதிப் படிவம், எல்லாமே. மலாயில் இருப்பதைத் தமிழில் சொல்ல வேண்டும், சிறிய எழுத்தைக்கூட விடக்கூடாது. மறுபடியும் நான் பொய் எழுதிவிடுவேனோ என்று சோதிக்கிறார் என்று நினைத்து, பதினெட்டு வயதுவரை எனக்கு அவர்மேல் உள்ளூரக் கோபம்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தை அடுப்படி மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியாக அவருக்குச் சொன்னது நினைவிருக்கிறது. எந்த ஊர், எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, முடித்தால் என்னவாக ஆவேன் என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை போகாத இடம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடலுக்குள் இறங்கும் முன் செய்ததுபோல, கடிகாரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு ஒரு புள்ளி தவறாமல் தன் பெயரைப் போட்டார்.

மறுநாள் காலையிலிருந்து கூடுதலாக ஒரு நடை லோரி எடுத்தார்.