விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் முதல் தடவை நான் தோற்றது அறிவுக் குறைவால் அல்ல என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். வினாத்தாளில், பக்கத்து வீட்டுச் சுவரில் ஒருவன் ஓட்டை போட்ட வழக்கு வந்திருந்தது. அதில் ஒரு கேள்வி பிடிபடவில்லை. பிடிபடும்வரை அதிலேயே உட்கார்ந்திருந்தேன். பிடிபட்டது. நிமிர்ந்து பார்த்தால் மற்றவர்கள் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்கள். எத்தனை கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று அப்பா கேட்டார். தெரியாதது கொஞ்சம்தான், பார்க்காததுதான் நிறைய என்றேன். அவருக்கு அது பதிலாகவே தெரியவில்லை.

குற்றம் யாருடையது என்றால், சட்டப்படி அப்பாவுடையது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் முக்கால்வாசியைத் தறிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பள்ளி விடுமுறைகளில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைப் பக்கத்து நூலை ஓட்டும் நாடாவைத் தள்ளுவது என் வேலை. நீளவாட்டில் ஓடும் பாவு இழைகளில் ஒன்று அறுந்தால் அந்த நிமிடமே கை நிற்க வேண்டும். முடிச்சுப் போட்ட பிறகுதான் மேலே நெய்யலாம். விட்டுவிட்டு நெய்தால் புடவையில் கோடு விழுந்துவிடும். பள்ளியில் கற்றதில் மறந்தது எவ்வளவோ. இதை மட்டும் கை மறக்கவில்லை. பிடிபடாத கேள்வியும் அதற்கு அறுந்த இழைதான்.

இன்னும் ஒரு வருடம் தருவதாக அம்மா சொன்னாள். அதிலும் இடம் கிடைக்காவிட்டால் உள்ளூரில் பி.காம். எனக்கு பி.காம் மேல் கோபம் எதுவும் கிடையாது. ஆனால் வக்கீலாகப் போகிறேன் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். எங்கள் தெரு எதையும் மறக்கிற தெரு இல்லை.

இணைய வகுப்பு ஆசிரியர் என் நோயைச் சட்டென்று கண்டுபிடித்தார். ஒரு பத்திக்கும் அதன் கேள்விகளுக்கும் சேர்த்து எட்டு நிமிடம். பிடிபடாததை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும், நேரம் மிஞ்சினால் கடைசியில் திரும்பி வரலாம். தினமும் இதைப் பழக வேண்டும், வீட்டில் சும்மா இருக்கும் யாராவது நேரம் பார்த்துச் சொன்னால் நல்லது என்றார். எங்கள் வீட்டில் சும்மா இருப்பவர் யாரும் இல்லை. தறியில் இருந்தபடியே தான் பார்ப்பதாக அப்பா சொன்னார். என் போன் அவர் பக்கத்தில் பலகைமேல் ஏறியது. என் இடத்தில் அம்மா உட்கார்ந்து நாடா தள்ளினாள்.

அப்பா அந்தப் பதவியை ரொம்பவே பெரிதாக எடுத்துக்கொண்டார். போன் மணி அடிக்கும் முன்பே என் பேனா நின்றதைக் கவனித்துவிடுவார்.

"இன்னும் அதுலயே குந்திக்கினு இருக்கியே. வுட்டுட்டுப் போம்மா."

விடாதே விடாதே என்று வளர்த்த மனிதர் இப்போது விடு விடு என்று உயிரை வாங்கினார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவை வீசி எறிந்ததும் உண்டு. முதன்முதலாக விட்ட கேள்வியை மணி அடித்த பிறகு திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தேன். தீபாவளி நெருங்கும்போது வெட்கமே இல்லாமல் விடக் கற்றிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தறியிலிருந்து ஒரு பச்சைப் புடவையை அறுத்து எடுத்தார்கள். மடிப்பதற்கு விரித்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். புடவை உடலின் நடுவில் முழ நீளத்துக்கு மெல்லிய கோடு ஒன்று ஓடியிருந்தது. இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டாள். அப்பா புடவையைத் தொடவே இல்லை.

"தெரிஞ்சிது. இந்தப் பொண்ணு பேனாவ நிறுத்திக்கினு இருந்திச்சி. சரி, கடைசில திரும்பி வந்துக்கலாம்னு அடுத்ததுக்குப் போயிட்டேன்."

நெய்ததற்குத் திரும்பி வர முடியாது என்பது பிறந்ததிலிருந்து தறியோடு இருக்கும் அவருக்குத் தெரியாதா? அம்மா வாயில் வந்தபடி திட்டினாள். நான் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். கடைக்காரர் புடவையை எடுத்துக்கொள்ளவில்லை. அது எங்கள் பீரோவுக்கு வந்தது.

இரண்டாம் தேர்விலும் ஒரு கேள்வி என்னைப் பிடித்து நிறுத்தியது. கையில் பேனா நின்றதும் அந்தக் கோடுதான் நினைவுக்கு வந்தது. இதற்காக ஏற்கெனவே ஒரு புடவை போயிருக்கிறது, இன்னும் இதிலேயே உட்கார்ந்திருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. விட்டேன். இடம் கிடைத்தது.

கல்லூரியின் வரவேற்பு விழாவுக்கு அந்தப் பச்சைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். கோடு கொசுவத்துக்குள் போய்விட்டது. மறுநாள் முதல் வகுப்பில் பேராசிரியர் ஒரு தீர்ப்பைக் கொடுத்தார். இந்தத் தொழிலில் ஒரு வரியை விட்டாலும் கட்சிக்காரன் கெட்டான். புரியாத இடத்தில் நில்லுங்கள், புரியாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள் என்றார். விட்டுவிட்டுப் போகத் தெரிந்ததாலேயே உள்ளே வந்த நாங்கள் அத்தனை பேரும் அதைப் பவ்யமாகக் குறித்துக்கொண்டோம்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். பின்னால் கேட்டுக்கொண்டிருந்த தறிச் சத்தம் நின்றது.

"இத அந்த ஆன்லைன் வாத்தியாரு மொதல்லயே சொல்லி இருந்தா," என்றார், "ஒரு பொடவ தப்பிச்சிருக்கும்மா."