நான் கோடு போட்ட புயல்

மழை வருமா என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். நான் சுவரைப் பார்ப்பேன். கடல் கடந்து நான் வேலைக்கு வந்த பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் என் வீட்டுச் சுவரில் வங்காள விரிகுடாவின் படம் தொங்கியது. கிள்ளான் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் நண்பர், வரும் கப்பல்களின் அதிகாரிகளிடம் வழியில் பாரோமீட்டர் எவ்வளவு காட்டியது, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதி, ரயிலில் கொடுத்தனுப்புவார். நான் அந்தந்த இடத்தில் குண்டூசி குத்துவேன். சம்பளமில்லாத வேலைதான். ஆனால் ஆபீஸ் வேலையைவிட அதில்தான் எனக்குக் கர்வம்.

ஊரில் இருந்த மனைவியையும் நான் விடவில்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலை ஒட்டினாற்போல எங்கள் ஊர். அன்றாடம் காற்றும் மேகமும் எப்படி என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். கல்யாணமாகி மூன்று வருஷம், சேர்ந்து இருந்தது இரண்டே மாதம். ஒருவழியாக அந்த வருஷம்தான் அவளுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கினேன்.

அவள் புறப்பட வேண்டிய வாரம், அந்தமான் பக்கமிருந்து வந்த இரண்டு கப்பல்களிலும் பாரோமீட்டர் இறங்கியிருந்தது; புயல் என்று அர்த்தம். இரண்டு ஊசிகளுக்கும் அளவுகோலை வைத்துக் கோடு போட்டேன். கோடு நேராகப் போய் அவள் கப்பலின் வழியை வெட்டியது.

"ரெண்டு ஊசிய வச்சு முடிவு கட்டாதீங்க அண்ணே. இன்னொரு கப்பல் வரட்டும்" என்றார் நண்பர்.

எனக்கா பொறுமை? 'இக்கப்பலில் ஏறாதே, அடுத்ததில் வா' என்று தந்தி கொடுத்துவிட்டேன்.

அந்தக் கப்பல், நான் துறைமுகத்தில் போய் நின்று பார்க்க, சொன்ன நாளில் பத்திரமாக வந்து சேர்ந்தது. அவளுடைய டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது. அதே கப்பலில் மகனிடம் வந்த எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள்தான் கொண்டுவந்தார்.

"ஏறி உக்காந்த பெறகுதான் ஒன் தந்தி வந்துச்சு தம்பி. பெட்டிய எறக்கக்கூட நேரமில்லாம அழுதுகிட்டே எறங்கிப் போச்சு. கடலு கொளம் மாதிரி கெடந்துச்சு" என்றபடி, அவள் கடைசியாகக் கொடுத்த நோட்டை நீட்டினார்.

"ஒங்க புயலு எங்க அண்ணே, பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருச்சா?" என்று நண்பர் சிரித்தார். வந்த எரிச்சலில் நோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் திணித்தேன்.

மறுநாள் பத்திரிகையில் தந்திச் செய்தி. கடலில் நாள்கணக்கில் நின்றிருந்த புயல், திசை மாறி நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறியிருந்தது. "பாத்தியா, இருந்துச்சு" என்று தனியாக உட்கார்ந்து மேசையைத் தட்டினேன். அடுத்த வரியில் கடல் புகுந்த ஊர்களின் பெயர்கள். மூன்றாவது பெயர் எங்கள் ஊர்.

மைத்துனரின் தந்தி அடுத்த வாரம் வந்தது. வீடு இருந்த இடமே தெரியவில்லை, அவளும் கிடைக்கவில்லை என்றிருந்தது. நான் தடுத்திராவிட்டால் அவள் அந்த டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வந்திருப்பாள். அதைவிட, மேசையைத் தட்டினேனே, அந்த ஒரு நிமிஷத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நோட்டை அன்றுதான் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில், கப்பலில் உட்கார்ந்து அவசரமாக எழுதியிருந்தாள்:

"காற்று இல்லை. மேகம் இல்லை. கடல் அமைதி. உங்கள் தந்தி வந்தது, இறங்குகிறேன். உங்களுக்குத் தெரியாததா."