மதி என்று கூப்பிட்டவன்

மன்னிக்கத் தெரிந்தவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கு அது வரவே இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒருவன்மேல் கறுவிக்கொண்டே இருந்தேன்.

அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து கரமனைக்குக் குடிவந்த வருஷம் அது. எனக்கு மலையாளம் அரையும் குறையுமாகத்தான் புரியும். அறிவியல் டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டு, எங்களையே சூரியன், பூமி, சந்திரன் ஆக்கினார். வகுப்பிலேயே வசதியான வீட்டுப் பையன் சூரியன். தலையில் ஜிகினாக் கிரீடம், உட்கார ஒரு நாற்காலி. பூமியாக வந்த பெண் அவனைச் சுற்றி நடந்தாள். நடக்கிற அவளைச் சுற்றி ஓட வேண்டிய சந்திரன் நான். வேலையெல்லாம் சந்திரனுக்குத்தான் என்பது ஓடிப் பார்த்தால் தெரியும்.

எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து டீச்சர், "மதி, மதி" என்றார். மலையாளத்தில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். நானோ தமிழ்ப் பாடத்தில் மதி என்றால் நிலா என்று படித்துவிட்டு வந்தவள். சந்திரனை அழகாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறார் என்று நினைத்து ஓடினேன். அவர் கத்தக் கத்த ஓடினேன். கால் பின்னி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட பிறகு, ஏன் நிற்கவில்லை என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். மைதானமே சிரித்தது.

மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். சூரியன் மறக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில், பஸ் ஸ்டாப்பில், "மதி! ஓடெடீ பாண்டீ!" என்பான். தமிழர்களைச் சீண்ட இங்கே வைத்திருக்கும் பெயர் பாண்டி. வகுப்பில் பதில் சொல்ல நான் எழுந்தால், பின்பெஞ்சிலிருந்து மெதுவாக "மதி" என்று குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில், பதில் தெரிந்தாலும் கை தூக்குவதை நிறுத்திவிட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது நான் பிசிக்ஸ் டீச்சர். என் மலையாளத்தில் யாரும் குறை காண முடியாது. போன வருஷம் எங்கள் பள்ளி அறிவியல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்து இறங்கினான் அவன். ஃப்ளாட் கட்டி விற்கிற பெரிய ஆள். சரிகைக் கரை போட்ட கசவு வேஷ்டி, தொப்பை. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு மைக்கைப் பிடித்தவன், தலைவன் என்பவன் சூரியனைப் போல அசையாமல் இருக்க வேண்டும், மற்றவர்கள்தான் சுற்றி வர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்தான். வசமாக மாட்டினான்.

சூரியனும் சுற்றும் சார், பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று மலையாளத்தில் கேட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவனால் மறுக்க முடியவில்லை.

பொன்னாடையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, மறுமுனையை நான் பிடித்தேன். தட்டாமாலை மாதிரிதான். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுற்றும்போது, எதுவும் நடுவில் சும்மா நிற்பதில்லை. இரண்டுக்கும் பொதுவான ஒரு புள்ளியை இரண்டுமே சுற்றுகின்றன. கனமானதற்குச் சின்ன வட்டம், லேசானதற்குப் பெரிய வட்டம். வட்டமே போடாமல் தப்பிக்கச் சூரியனாலும் முடியாது. இதைச் சொல்லிக்கொண்டே, பின்னால் சாய்ந்து சுற்ற ஆரம்பித்தேன்.

வருஷா வருஷம் பிள்ளைகளோடு சுற்றிப் பழகிய கால்கள் எனக்கு. அவன் பிடியை விட்டால் மல்லாக்க விழுவான். விடாவிட்டால் சுற்றியாக வேண்டும். வேஷ்டி தடுக்கத் தடுக்கச் சுற்றினான். பிள்ளைகள் விசிலடித்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முகம் வெளுத்துப்போய், "மதி டீச்சரே... மதி, மதி!" என்றான்.

அந்த மேடையில் அதுவரை பேசாத தமிழில் நான் கேட்டேன்: "கூப்பிட்டீங்களா சார்? இதோ, ஓடிட்டுதானே இருக்கேன்!"

அவன் கண் விரிந்தது. ஆளைத் தெரிந்துகொண்டான். என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். மறுபடியும் அந்தச் சொல்தான் வந்தது. நான் இன்னும் வேகமாக ஓடினேன்.