கறிக்கடைக் கதவில் ஓர் அஞ்சலித்தாள்

பிளெவன் நகரப் பேருந்து ஓட்டுநர் ராடோய் மூன்று மாதமாகத் தூங்கவில்லை. செத்தால் தேவலை என்று புலம்பினான். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகக் கிளம்பிய மனைவி ஸ்டாமெனாவை அவன் அண்ணன் ஷிவ்கோ தடுத்தான்.

"பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? குடும்ப மானமே போயிடும். ராக்கியாச் சாராயம் ஊத்திக் குடு, சரியாயிடுவான்."

அந்த வாரமே ராடோய் தற்கொலை செய்துகொண்டான்.

அஞ்சலித்தாள் அச்சடிக்கும் என்னிடம் ஸ்டாமெனா எழுதிக் கொடுத்தாள்: "மனச்சோர்வால் இறந்தான். மருத்துவரிடம் போகவிடாதவன் ஷிவ்கோ." அந்தப் பெயரை மட்டும் நான் பெரிதாக்கினேன். ஷிவ்கோவின் கறிக்கடைக் கதவில் அவள் வருடாவருடம் நினைவுநாளில் அதை ஒட்டினாள்; அவன் கிழித்தான்.

ஏழாம் வருடம் அவன் கிழிக்கவில்லை.

"என் மக ஒரு மாசமாத் தூங்கல, ஸ்டாமெனா. அந்த டாக்டர் எங்க இருக்காரு?"

"அவளை இப்பவே நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள். "நாங்க திரும்பி வர்ற வரைக்கும், கறி வாங்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் இந்தத் தாளைச் சத்தமாப் படிச்சுக் காட்டு."