ஆணி இல்லாத ஸ்டூல்

மைதா மாவைக் கிண்டிப் பசையாக்கி, பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கரைத்ததும் எழுகிற புளித்த வாடை, சிவகாசியில் எங்கள் வீட்டு முன்னறையை விட்டு ஆடி முதல் மார்கழி வரை போகவே போகாது. அது இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. நான் எட்டாம் வகுப்பு. தினசரி காலண்டர் அட்டையில் தேதித்தாள் கட்டை ஒட்டுவது அம்மாவின் வேலை. காலையில் மேசைமேல் அவள் நெஞ்சளவுக்கு இருக்கும் அட்டை அடுக்கு ஒட்ட ஒட்டக் கரைந்து மாலையில் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும் என்பதால் எந்த நாற்காலியும் அதற்குத் தோதுப்படவில்லை. போதாததற்கு, "உக்காந்தா கை தூங்கிரும்" என்பது லோடு இறக்கும் ஏஜெண்டின் சட்டம். நின்று நின்று அம்மாவின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. இனி நிற்கவே கூடாதென்று டாக்டர் சொன்ன மறுநாளும் அவள் நின்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய பார்சல் பெட்டிப் பலகைகளைப் பிரித்து, ஒரு கூட்டுக்குள் இன்னொரு கூடு ஏறி இறங்குகிற மாதிரி ஒரு ஸ்டூலுக்குக் கணக்குப் போட்டேன். நாலு துளை, நாலு உயரம். முதல் ஆணியை அடித்ததுதான் தாமதம், நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறையில் வேலை பார்த்த அப்பா தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்தார்.

"இரும்ப வெளிய போடு புள்ள! பொறி பறந்தா அம்புட்டுப் பேரும் காலி!"

அந்த அறையில் பசைச் சட்டியைத் தவிர வெடிக்க ஒன்றுமில்லை. சிரித்திருப்பேன், அவர் சுத்தியலையும் ஆணிகளையும் வாரிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைக்காதிருந்தால். மரப்பட்டறையில் துளை போட்டு வாங்கி, கருவேலங்கட்டையைச் சீவி முளையாக்கி, ஒரே ஒரு ஆணிகூட இல்லாமல் ஸ்டூலை முடிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

அம்மா அதில் உட்கார்ந்த மூன்றாம் நாள் ஏஜெண்ட் வந்தார்.

"என்ன மதினி, உக்காந்துட்டீகளோ? சீசன் நேரம். ஆர்டர வேற வீட்டுக்கு மாத்திருவேன்."

எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அம்மா முளையை உருவி, ஒரு துளை கீழே இறக்கிச் செருகி, மறுபடியும் உட்கார்ந்தாள்.

"ஒட்டுறது கைதான அண்ணாச்சி, காலு இல்லையே. மாத்துறதுன்னா மாத்திக்கோங்க."

மாத்தத்தான் செய்தார். அந்த சீசனில் பாதி லோடுதான் வந்தது. மீதிப் பாதி அடுத்த தெருவில் நின்றுகொண்டே ஒட்டப்பட்டது. அம்மா எழுந்திருக்கவில்லை.

இப்போது காலண்டர் கம்பெனியிலேயே ஒட்டுவதற்கு இயந்திரம் இருக்கிறது. முன்னறையில் பசைச் சட்டி இல்லை, லோடு இல்லை, ஏஜெண்டும் இல்லை. அவற்றுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். அம்மா காலில் சுருண்ட நரம்பு மட்டும் போகவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது, அவளை நிற்க வைத்தவர்கள்மேல். எட்டாம் வகுப்பு வரைக்கும் சும்மா பார்த்துக்கொண்டிருந்த என்மேலும்.