ஒற்றை எழுத்துப் பெயர்

எங்கள் குரோம்பேட்டை அலுவலகத்தில் டேட்டாபேஸ் வேலையை ஒரு பெரியவர் பார்த்துவந்தார். நரைத்த தாடி, எப்போதும் முழுக்கைச் சட்டை. சாப்பிடும்போது பக்கத்து நாற்காலியில் பையை வைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஜப்பான் வாடிக்கையாளர் ஒருவரின் தேடல் வசதியை அவர்தான் அமைத்தார். ஜப்பானிய மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. அதனால் வரிகளை இரண்டிரண்டு எழுத்தாகப் பிரித்து, இன்டெக்ஸ் என்னும் தேடல் பட்டியலாக வைத்திருந்தார். ஒருநாள் புகார் வந்தது. ஒரே எழுத்தில் பெயருள்ள ஒருவரைத் தேடினால் கிடைக்கவில்லையாம்.

“ஒருத்தருக்காக எல்லாத்தையும் மறுபடி இன்டெக்ஸ் பண்ணணுமா? விட்ருங்க சார்” என்றேன்.

“ஆள் உள்ளேதாம்மா இருக்காரு. தேடினா இல்லைன்னு வருது. அதை எப்படி விடறது?”

ஒற்றை எழுத்தாகப் பிரிக்கும்படி மாற்றி, மாலை வரை உட்கார்ந்து இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டினார். அந்தப் பெயர் வந்ததும் திரையை என் பக்கம் திருப்பினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அலுவலகத்தில் கொடுத்திருந்த அஸ்தினாபுரம் முகவரிக்குப் போனேன். அங்கே வேறொரு குடும்பம் இருந்தது. பெயரையும் தாடியையும் முழுக்கைச் சட்டையையும் சொல்லித் தெருவெல்லாம் விசாரித்தேன்.

“அப்படி யாரும் இல்லையேம்மா” என்றார்கள்.