இருவருக்கும் ஒரே பாஸ்வேர்டு

மட்டாஞ்சேரியில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம். பக்கத்து வீட்டுப் பெண்ணும் துபாயிலிருந்த அவள் புருஷனும் ஒரே மின்னஞ்சல் கணக்கில்தான் எழுதிப் படித்துக்கொள்வார்கள். "ரேஷன் கார்டு மாதிரி, குடும்பத்துக்கு ஒண்ணு போதாதா அண்ணா?" என்பாள்.

ஒருநாள் பதறிக்கொண்டு வந்தாள். "பாஸ்வேர்டு அனுப்பலேன்னா கணக்கை மூடிருவாங்களாம். பேடிச்சு, பயந்துபோய் அனுப்பிட்டேன்!"

அவளுக்கு வந்திருந்த மெயிலைப் பார்த்தேன்; அனுப்பிய முகவரி மின்னஞ்சல் கம்பெனியுடையதே அல்ல. அந்த மெயிலில் எதையும் தொடாமல், கம்பெனியின் தளத்தை நானே தட்டித் திறந்து, உடனே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். திருடன் நுழையவில்லை. ஆனால் புருஷனும் வெளியே நின்றுவிட்டார். அவருக்கு வேறு மின்னஞ்சல் கிடையாது.

வெள்ளிக்கிழமை எதிர்ச் சாயாக்கடை போனுக்கு அவரே கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"எதுக்குடி மாத்தினே? என்ன மறைக்கிறே?" அவர் கத்தியது எனக்கே கேட்டது.

புதிய பாஸ்வேர்டைச் சொல்ல வாயெடுத்தவள், கடையில் இருந்தவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க, சேட்டன்மாரே" என்று கெஞ்சினேன்.

"அப்படி என்ன ரகசியம்? நாங்களும் கேக்கிறோமே!" என்று சிரித்தார்கள். ஒருவரும் எழவில்லை.

"இப்போ சொல்ல முடியாதுங்க" என்றாள், மெல்ல.

அவர் போனை வைத்துவிட்டார்.